இடக்காது பத்து, வலக்காது பத்து

எங்கள் வீட்டில் யாரும் ஆடு மாடு வளர்த்ததில்லை. திருமயத்துக்குப் பக்கத்துச் செட்டியார் ஊர். முகப்பிலிருந்து பின்கட்டுக்கு நடப்பதற்குள் கூப்பிட்ட காரியம் மறந்துபோகும், அவ்வளவு பெரிய வீடு. அதில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. பால் காலையில் செம்பில் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் பிறந்தவன் மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று நின்றால் சும்மா விடுவார்களா? அப்பச்சி, எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினார். பேசாமல் இருந்ததே தேவலை என்று ஆகிவிட்டது.

"ஊருல எல்லார் வீட்டுப் பிள்ளையும் கொண்டுவிக்கப் போகுது. எம் மகன் மாட்டு வாலப் பிடிக்கப் போறான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கொண்டுவிக்கப் போவது என்றால் கடல் தாண்டிக் கடை பார்க்கப் போவது. பர்மாவில் இருந்ததெல்லாம் சண்டையோடு போயிற்று. பினாங்கில் ஒரு கடை மிச்சம். அதில் உட்கார ஒரு மகன் வேண்டும். மகன் என்று இருந்தவன் நான் ஒருவன்தான். அப்பச்சியின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வயதில் அடுத்தவர் நியாயம் யாருக்குக் கண்ணில் படுகிறது?

மெட்ராஸ் பட்டணத்துக் கல்லூரியில் இரண்டாம் வருடம் ஒரு பேராசிரியர் எங்களுக்கு ஆட்டின் வயிற்றை அறுத்துக் காட்டினார். உள்ளே நூல் நூலாக ஏதோ நெளிந்தது. அதில் ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கச் சொன்னார். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் மாதிரி ஒரு புழு. இரத்தத்தைக் குடித்துக் குடித்தே ஆட்டைச் சாய்த்துவிடும் என்றார். எனக்கு அருவருப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு அழகாக இருக்கிறதே, சண்டாளப் புழு என்றுதான் தோன்றியது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போன பிறகும் நான் அந்தக் கண்ணாடியை விடவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஊசி போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவது என் வேலை இல்லை, இந்த அறையில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வதுதான் என் வேலை.

பட்டம் வாங்கியதும் சர்க்கார் என்னை விராலிமலை மருந்தகத்துக்கு அனுப்பியது. சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புறப்படும்போது பேராசிரியரிடம் போய் நின்றேன். மேல்படிப்புக்கு ஆராய்ச்சி மாணவனாக ஒரே ஒரு இடம் அடுத்த வருடம் வரும் என்றார்.

"வெறுங்கையோட வந்து நிக்காதய்யா. ஒரு மழைக்காலம் முழுக்க ஆட்டுக் குட்டிகள வச்சுப் பாரு. பத்துக்கு இந்தப் புதுப் புழு மருந்தக் குடு. பத்துக்குக் குடுக்காத. மாசா மாசம் எடை போடு. கடைசியில எல்லாத்தையும் ஒரே நாள்ல அறுத்து வயித்துல இருக்கிற புழுவ எண்ணு. அதக் கொண்டா, இடம் ஒனக்குத்தான்."

குட்டிகளை அடையாளம் வைக்கக் காதில் மாட்டத் தகரத் தகடு கேட்டேன். கைவசம் இல்லை என்றார். "காதுல ஒரு வெட்டுப் போட்டா முடிஞ்சது. ஒலகம் பூரா அதான் வழக்கம்."

ஊருக்கு வந்து அப்பச்சியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று துப்பிவிட்டுச் சொன்னார். "சித்திரை வரைக்கும் பாக்குறேன். அந்த எடம் ஒனக்குக் கெடச்சா, நீ படி, நான் குறுக்க வரல. கெடைக்கலையா, ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நாகப்பட்டினத்துல கப்பல் ஏறிரணும். சம்மதமா?" சம்மதம் என்றேன். கிடைக்காமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இளமைத் திமிர், வேறென்ன?

விராலிமலையிலிருந்து குளத்தூர்ப் பக்கம் போகிற பாதையில், சைக்கிளை மிதித்தால் அரை மணியில் ஒரு சின்னக் கிராமம். கடலைக் கொல்லையும் வரகும் உள்ள பூமி, வீட்டுக்கு வீடு வெள்ளாடு. அங்கே பெரிய பட்டி வைத்திருந்தது நாற்பது வயசுள்ள ஒரு பெண்பிள்ளை. புருஷன் வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து இவள் பேசுவாள். முதல் தடவை நான் போய் நின்றபோது மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க ஆட்டுக்குச் சீக்குப் பாக்க வந்தீங்களா, இல்ல ஆடு ஒங்களுக்குச் சீக்குப் பாக்கணுமா? இப்புடி ஒடிஞ்சு விழுற மாதிரி இருக்கீங்க. இங்கிட்டு வாங்க, கஞ்சி குடிங்க மொதல்ல" என்றாள்.

என்னைக் கேலி செய்தால் எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். அவளிடம் மட்டும் ஏனோ வரவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒரு பெரிய காரியம் ஆகணும்க்கா. அதுக்கு இருவது கெடாக்குட்டி வேணும். ஒரே வயசா, ஊனம் இல்லாததா இருக்கணும். காதுல வெட்டி ஒங்க பட்டியிலயே விட்டுருவேன். விக்கக் கூடாது. கடைசியில எல்லாத்தையும் ஒரே நாள்ல அறுக்கணும்."

"இருவதையும் ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல."

புருஷன்காரன் அன்றைக்கு அதிசயமாக வாயைத் திறந்தான். "என்ன காரியம்னு..." என்று ஆரம்பித்தான். அவள் அவன் விலாவில் ஒரு இடி இடித்தாள். "பேசாம இரு. அதெல்லாம் கேக்கலாமா?" நான் விலைப் பேச்சை எடுத்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். இருபதும் தன் பட்டியிலிருந்தே தருவதாகச் சொன்னாள்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பக்கத்து ஆள் யாராவது இருந்தால் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அங்கே காது வெட்டிய கிடா என்றால் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. யாராவது ஒன்றை வேண்டிக்கொண்டால், ஊனமில்லாத ஆண்குட்டியாகப் பார்த்துக் காதில் வெட்டி விட்டுவிடுவார்கள். காரியம் பலிக்கும் என்று நம்பித் திருவிழாவில் வெட்டுவார்கள். என்ன வேண்டுதல் என்று வேண்டியவரைக் கேட்கக் கூடாது, கேட்டால் பலிக்காது. குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். பிளவுபட்ட குளம்புள்ள பிராணிகளின் நரம்பு மண்டலத்தை முழுக்கப் படித்திருந்த எனக்குத் தெரியாது.

வெட்டுப் போட நான் போன நாள் வெள்ளிக்கிழமை. மருந்தகத்தில் அன்றைக்குத்தான் கூட்டம் குறைவு. பட்டியில் சாணியும் சகதியுமாக இருந்தது, புதுச் செருப்புக் கெட்டுப் போகுமே என்று வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நுழைந்தேன். ஒவ்வொரு குட்டியாகப் பிடித்துக் காதில் ஸ்பிரிட் தடவினேன். அதன் குளிர்ச்சி பட்டதும் குட்டி உடம்பைச் சிலுப்பும். சிலுப்பினால் சாமி ஒத்துக்கொண்டது என்று அர்த்தமாம். சுற்றி நின்ற ஜனங்கள் அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆடு வளர்க்கிறவர்களுக்கு ஆராய்ச்சியின் மேல் எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று எனக்கு உள்ளுக்குள் புல்லரித்தது. மருந்து கொடுக்கிற பத்துக்கு இடக்காதிலும் கொடுக்காத பத்துக்கு வலக்காதிலும் வெட்டினேன். ஒரு குட்டிகூடச் சிலுப்பாமல் இருக்கவில்லை. எப்படி இருக்கும்?

அடுத்த மாதத்திலிருந்து புளியமரக் கிளையில் தொங்குதராசைக் கட்டி, குட்டியைச் சாக்கில் உட்கார வைத்து எடை போட ஆரம்பித்தேன். அதை அவர்கள் துலாபாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடை போடும்போது பெண்கள் குலவை போடுவார்கள். ஆடு மிரளுகிறது, சத்தம் போடாதீர்கள் என்று நான் கத்துவேன். நான் கத்தினால் பயபக்தியோடு வாயை மூடுவார்கள்.

ஐப்பசி மழை கொட்டியது. புழு பெருகுகிற காலம். மருந்து குடித்த குட்டிகள் தேறும், குடிக்காதவை வாடும் என்று காத்திருந்தேன். என்னத்தைச் சொல்ல! இருபதும் தேறின. வலக்காது, இடக்காது வித்தியாசமே தெரியவில்லை. வயிறு உப்பி, ரோமம் பளபளத்து, பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நின்றன. பட்டியில் மற்ற ஆடுகள் கழிச்சல் கண்டு சாய்ந்துகொண்டிருந்தன, இவை மட்டும் கொழுத்தன. கார்த்திகையில் எடை, மார்கழியில் எடை, எல்லாம் சரிசமம். மருந்து போலியோ, தராசு கோளாறோ, நான்தான் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். தராசைக் கழற்றித் திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது.

நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் விரட்ட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அது எவன் கொல்லையிலும் நுழையலாம், எதையும் மேயலாம். கடலைச் செடியை வேரோடு தின்றாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போவார்கள். என் இருபதும் அந்த ஊரின் கடலையையும் வரகையும் ஆளுக்கு ஆள் ஊட்டிய தவிட்டையும் தின்று வளர்ந்தன. அப்படித் தின்கிற ஆட்டை எந்தப் புழு சாய்க்கும்? முதல் வெட்டுப் போட்ட நிமிஷமே என் ஆராய்ச்சி செத்துப்போயிருந்தது. நான் பிணத்துக்கு மாதா மாதம் எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. எடை பொய் சொன்னாலும் வயிறு பொய் சொல்லாது. அறுத்துப் புழுவை எண்ணினால் இடக்காதில் குறைவாகவும் வலக்காதில் அதிகமாகவும் இருந்தே தீரும். அது போதும், இடம் எனக்குத்தான். பங்குனி கடைசியில் அறுப்பது என்று கண்ணாடி ஜாடிகளும் ஃபார்மலினும் தருவித்துப் பெட்டியில் அடுக்கி வைத்தேன்.

மாசி மாதம் ஒரு நாள் ஆவூர்ப் பக்கம் ஒரு மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது என்று ஆள் வரவும், அவசரமாகச் சைக்கிளை எடுத்தேன். எதிரே அவள் புருஷன் மூச்சிரைக்க வந்தான்.

"நாளைக்கு நம்ம கருப்பருக்குப் படையல். எல்லாந் தயாரு. நடத்திரலாமுங்களா?"

"தாராளமா நடத்துங்க. நல்லா நடத்துங்க" என்றேன்.

"நீங்க வந்துரணும். நீங்க இல்லாம எப்புடி?"

"வாரேன் வாரேன்" என்று மிதித்துக்கொண்டு போய்விட்டேன். திருவிழாவுக்கு ஒரு மரியாதைக்கு அழைக்கிறார்கள், வேறென்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

ஆவூரில் அந்த மாடு மறுநாள் காலைதான் ஈன்றது. தாயும் கன்றும் பிழைத்தன. சந்தோஷத்தோடு குறுக்குப் பாதையில் கிராமத்துக்கு வந்தபோது உச்சிப்பொழுது. கொட்டுச் சத்தம் ஓய்ந்து, ஊரே புகையும் மசாலா வாசனையுமாக இருந்தது. உயிர்ப்பலி கூடாது என்று அப்போது சட்டம் வந்துவிட்டது. சட்டம் ரோட்டு வரைக்கும் வந்தது, உள்ளே கிராமத்துக்குள் வரவில்லை. எனக்கு மாலை போட்டார்கள். நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். அழைத்துக்கொண்டு போய்க் கோயில் வாசலில் நிறுத்தினார்கள்.

இருபது தலைகள் வரிசையாக இருந்தன. எல்லாக் காதிலும் என் வெட்டு.

நான் செய்த முதல் காரியம், "குடல் எங்க? குடலெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?" என்று அலறியதுதான். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படையல் வாசலில் நின்று குடலைக் கேட்கிற ஆளை அவர்கள் பார்த்ததில்லை. ஒரு பெண் கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டினாள். ஓடினேன், மாலையோடு ஓடினேன். அங்கே எல்லாவற்றையும் பிதுக்கி, உரசி, மஞ்சள் போட்டு அலசி முடித்திருந்தார்கள். மிச்சத்துக்குக் காக்கையும் நாயும் சண்டை போட்டன. கரையில் உட்கார்ந்து நாயை விரட்டிவிட்டு, சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினேன். அந்தச் சிவப்பு வெள்ளை நூல் ஒன்றாவது அகப்படாதா என்று தேடினேன். அகப்பட்டிருந்தாலும் அது எந்தக் காதுக்காரனுடையது என்று எப்படிச் சொல்வது? புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

அவள் பின்னாலேயே வந்துவிட்டாள். எனக்கு அப்போது வந்த கோபம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. "யாரக் கேட்டு வெட்டுனீங்க? யாரு வெட்டச் சொன்னா?" என்று கத்தினேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீங்கதான தம்பி. நீங்கதான நேந்துக்கிட்டீங்க? காரியம் ஆகணும்னு சொன்னீங்க. காது வெட்டுனீங்க. ஒரே நாள்லன்னு சொன்னீங்க. நேத்திக்கூட நல்லா நடத்துங்கன்னு சொல்லி விட்டீங்களாமே?" சேற்றில் என் பக்கத்தில் குந்தினாள். "எதும் கொறை ஆயிருச்சா? நீங்க வாரதுக்குள்ள வெட்டுனது தப்பா? நேரம் போச்சுன்னு பூசாரி அவசரப்படுத்திட்டாருங்க. சாமி குத்தம் ஆயிருமா தம்பி?"

ஒவ்வொன்றாகப் புரிந்தது. வெறுங்கால், வெள்ளிக்கிழமை, குலவை, கொழுத்த கிடாக்கள். யாரோ ஒரு செட்டியார் வீட்டுப் பையனுக்கு ஏதோ ஒரு காரியம் ஆக வேண்டும் என்று, அது என்ன என்றுகூடக் கேட்காமல், இந்தப் பெண்பிள்ளை தன் பட்டியில் இருந்த ஆண்குட்டிகளையெல்லாம் கொடுத்திருக்கிறாள். மழையில் மற்றவை செத்த வருடத்தில் கொடுத்திருக்கிறாள். நான் உண்மையைச் சொன்னால் அவளுக்கு என்ன மிச்சம்? யாரும் வேண்டாத வேண்டுதலுக்கு இருபது கிடாவை வெட்டிச் சாமியை ஏமாற்றிவிட்டோம் என்று அவள் சாகும் வரை பயந்துகொண்டே இருப்பாள்.

"ஒரு கொறையும் இல்லக்கா. நான் பாக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சேன்னு ஒரு ஆத்திரம்" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் குடல்கறியை அவளே வைத்தாள், கேட்டீங்களே என்று இன்னொரு கரண்டியும் வைத்தாள். சாப்பிட்டேன்.

பட்டணத்துக்குப் போய்ப் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். சிரித்து முடித்து, என் முகத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளியில சொல்லிராத. சர்க்கார் உத்தியோகஸ்தன் பேர்ல இருவது பலின்னா வேலை போயிரும்" என்றார். பிறகு, "இந்தத் தடவை இன்னொருத்தன் கோழிக் கழிச்சலப் பத்திச் செஞ்சு கொண்டாந்திருக்கான்யா. நான் என்ன பண்ண? அடுத்த வருஷம் பாப்போம். நீ விட்டுராத" என்றார். அந்த அறையில் அதே மேஜை, அதே பூதக்கண்ணாடி. ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு வரலாமா என்று ஆசையாக இருந்தது. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம்! அப்பச்சிக்கு அந்தப் பேச்சே கிடையாது. அவர் என்னைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. "சித்திரை பொறந்துருச்சு" என்று மட்டும் சொன்னார். ஆத்தாதான் அடுப்படியில் நின்றுகொண்டு, "இன்னொரு வருசம் பாக்கட்டுமே, என்ன கொறஞ்சு போகுது?" என்று முணுமுணுத்தாள். அப்பச்சி திரும்பிப் பார்க்கவும் நிறுத்திக்கொண்டாள். நான் சம்மதம் என்று சொன்ன சொல் நடுவில் கிடந்தது.

பினாங்கில் என் காலம் கழிந்தது. கடை கெட்டுப்போகவில்லை, என்னால் பெருகவும் இல்லை. அறுபதுகளில் ஒரு நாள், வெளிநாட்டுக்குக் கப்பலில் போகிற வழியில் ஒருவன் கடைக்கு வந்தான். என்னோடு படித்தவன், எனக்கு வர வேண்டிய இடம் கிடைத்தவன். அப்போது அவன் பெரிய ஆராய்ச்சியாளன். பழகினவர்கள் பேசுகிற மாதிரி மணிக்கணக்காக நோயும் மருந்துமாகப் பேசினான். நானும் விடாமல் கேள்வி கேட்டேன். புறப்படும்போது, "நீ எங்க எல்லாரையும்விட நல்லா வந்திருக்க வேண்டியவன்டா" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அன்றைக்குக் கடைப்பையனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். இன்றைக்கும் வேண்டும். வயசாகிவிட்டது என்பதற்காக ஆசை போய்விடுமா என்ன?

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு விராலிமலையை விட்டுப் புறப்பட்ட அன்றைக்கு, அவள் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்திருந்தாள். நான் போகிறேன் என்று எப்படியோ கேள்விப்பட்டு, புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"வெட்டி முடிச்சாச்சு, இனிமே கேக்கலாம். என்ன வேண்டிக்கிட்டீங்க தம்பி?"

"மெட்ராஸுல பெரிய படிப்புக்கு ஒரு எடம்க்கா."

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு" என்றேன்.

அவள் அங்கேயே, பஸ்ஸுக்கும் வெயிலுக்கும் நடுவில், கோயில் இருக்கிற திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். "நாந்தான் சொன்னேன்ல, நாந்தான் சொன்னேன்ல" என்று புருஷனை அடித்தாள். கண்டக்டர் எங்கே போகணும் என்று என்னைக் கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பஸ் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "மெட்ராஸுக்கு! எங்க டாக்டரு தம்பி பெரிய படிப்புக்குப் போறாங்க!"

திருச்சி ஜங்ஷனுக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன். அங்கே மெட்ராஸ் வண்டி புறப்படத் தயாராக நின்றது. நான் படியேறி அடுத்த பிளாட்பாரத்துக்குப் போய், நாகப்பட்டினம் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.